நாற்பதாயிரம் யானைகளும் ஒரு மதிலும்

றீற்றாவுக்கு யானை வரையத் தெரியாது. யானை மட்டுமல்ல, குதிரை, கோழி, மனிதர், மனிதரின் கைவிரல், ஒன்றுமே தெரியாது. உயிருள்ள எதை வரைந்தாலும் அது கழிப்பறைக் கதவில் ஒட்டியிருக்கும் உருவம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் சுவர் என்றால் அவளிடம்தான் கேட்கவேண்டும். தீப்பிடித்தால் எந்த வழியால் ஓடுவது என்று காட்டும் வரைபடங்கள் அடுக்குமாடிக் கட்டடங்களில் கதவுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டுத் தொங்குமே, ஒரு சிவப்புப் பொட்டும், 'நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்' என்ற வாசகமும், நாலைந்து அம்புக்குறியுமாக, அவற்றை வரைவதுதான் அவளுடைய வேலை. பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் அவள் குடியிருக்கும் கட்டடத்தின் படங்களும் அவள் வரைந்தவையே.

இந்த நகரத்தில் எத்தனையோ ஆயிரம் சுவர்களில் அவளுடைய கோடுகள் தொங்குகின்றன. ஒன்றில்கூட அவளுடைய பெயர் இல்லை. கம்பனியின் பெயர் இருக்கும், திகதி இருக்கும், சட்டம் அடித்துக் கொடுத்தவனின் தொலைபேசி இலக்கம்கூட ஒரு மூலையில் இருக்கும். அந்த ஆத்திரத்தில்தான் அவள் 'கதையும் கோடும்' குழுவில் சேர்ந்தாள். கலைத்தாகம் அது இது என்று அவளும் பிறகு சொல்லிப் பார்த்தாள், அது பொய்.

'கதையும் கோடும்' என்பது ஃபேஸ்புக்கில் இயங்கும் ஒரு குழு. ரொறன்ரோவையும் அதைச் சுற்றியும் வாழும் முந்நூறு பேர் அதில் சேர்ந்து ராஜா ராணிக் கதைகள் செய்கிறார்கள். எழுதுபவர் ஒருவர், வரைபவர் ஒருவர் என்று சீட்டுக் குலுக்கிச் சோடி சேர்ப்பார்கள். எழுதுபவர் ஒரு துண்டு எழுதுவார், மற்றவர் அதற்குப் படம் போடுவார், அந்தப் படத்தைப் பார்த்து எழுதுபவர் அடுத்த துண்டை எழுதுவார். முடிந்த கதைகளை வருடக் கடைசியில் புத்தகமாக்கி ஸ்காபரோ நூலகம் ஒன்றில் வைப்பார்கள். ஒவ்வொரு கதையின் தலையிலும் 'கதை: இன்னார், படம்: இன்னார்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். றீற்றாவுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வரிதான். உயிரோடு இருக்கும்போதே தன் பெயர் ஒரு படத்துக்குப் பக்கத்தில் அச்சாகவேண்டும். அது பேராசை என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

குழுவை நடத்துபவர் மார்க்கம் நகரில் இருக்கும் பாலேஸ்வரி அன்ரி. முன்பு ஓட்டுநர் உரிமப் பரீட்சை நடத்தியவர். அவர் போட்ட விதிகளுக்கும் சிவப்பு விளக்குக்கும் வித்தியாசம் இல்லை. எழுதியதை வரைந்தே ஆகவேண்டும். வரைந்தது நடந்தது, அதை மறுத்து எழுதக் கூடாது. போட்ட படத்தை அழிக்கக் கூடாது. ஒரு கதைக்கு ஒரேயொரு தடவை, போட்ட படத்தில் எதையாவது சேர்க்கலாம். கதை முடியும்வரை சோடிகள் தனியாகக் கதைக்கக் கூடாது, சொல்லவேண்டியதைக் கதைக்குள்ளேதான் சொல்லவேண்டும். முன்பொரு தடவை இரண்டு பேர் தொலைபேசியில் கதைத்துப் பழகி, ஆளுக்காள் மரியாதை கூடி, மூன்றாம் துண்டிலேயே அரக்கன் மன்னிப்புக் கேட்டுக் கதையைக் கெடுத்துவிட்டானாம்.

ஏழு நாளுக்குள் துண்டோ படமோ வராவிட்டால் கதையைத் தூக்கி 'கிணறு' என்ற பகுதியில் போட்டுவிடுவார்கள். மூன்று கதை கிணற்றில் விழுந்தால் ஆள் குழுவை விட்டு வெளியே. கடைசி விதிதான் எல்லாவற்றிலும் கொடியது: கதை ஒரு விருந்தில் முடியவேண்டும், அந்த விருந்தை உண்மையாகவே சமைத்துக் குழுவினர் உண்ணவேண்டும். உண்டால்தான் கதை முடிந்ததாகக் கணக்கு. ஒருவர் 'கடலளவு கூழ்' என்று எழுதிவிட்டு இரண்டு நாள் அடுப்படியில் நின்றார். அதற்குப் பிறகு குழுவில் இருக்கும் அரசர்கள் எல்லாரும் கஞ்சர்களாகிவிட்டார்கள். ஒரு சக்கரவர்த்தி தன் ஒரே மகளின் கல்யாணத்துக்கு ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பினார்.

றீற்றாவின் இரண்டு கதைகள் ஏற்கெனவே கிணற்றில் கிடந்தன. முதல் கதையில் எழுதியவர் கடற்கன்னி கேட்டார். றீற்றா குளியலறைத் திரையை வரைந்து, கன்னி உள்ளே குளிக்கிறாள் என்றாள். இரண்டாவது கதையை எழுதியவர் உலகத்திலேயே அழகான இளவரசனின் முகம் கேட்டார். அவள் இரும்புத் தலைக்கவசம் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு எழுதாமல் விட்டார்கள். மூன்றாவது சோடியாக வந்து வாய்த்தவன் விட்பி என்ற ஊரில் இருக்கும் ராகுலன்.

ராகுலன் டவுன்டவுனில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்பவன். போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம் ரயிலில் இருந்து கதை எழுதுவான். ரயில் நேரத்துக்கு ஓடினால் அவனுடைய கதைகளில் இரண்டு சேவகர், ஒரு குதிரை என்று அடக்கமாக வரும். ரயில் வழியில் நின்றுவிட்டால் படையெடுப்பு வரும். அன்றைக்கு எங்கேயோ தண்டவாளத்தில் பனி உறைந்து ரயில் ஒன்றரை மணித்தியாலம் அசையவில்லை. றீற்றாவின் கைபேசியில் முதல் துண்டு வந்து விழுந்தது: 'பவளபுரி அரசனிடம் நாற்பதாயிரம் யானைகள் இருந்தன. ஒவ்வொரு யானைக்கும் ஒவ்வொரு முகம்.'

அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். பிறகு ஒரு மதிலை வரைந்தாள். நல்ல மதில், கல் கல்லாக, ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழுந்த மதில். கீழே, 'யானைகள் இதற்கு அந்தப் பக்கம்' என்று எழுதினாள்.

மறுநாள் ராகுலன் எழுதினான்: 'மதில் விழுந்தது.'

அவள் புழுதியை வரைந்தாள். ஒரு பக்கம் முழுவதும் புழுதி. அவன் பெருமழை பெய்வித்துப் புழுதியை அடக்கினான். அவள் மேலேயிருந்து பார்த்ததுபோல வட்டம் வட்டமாகக் குடைகளை வரைந்து, ஒரு குடைக்குக் கீழே ஒரு யானை என்றாள். அவன் சூறாவளியை வரவழைத்துக் குடைகளைக் கொண்டுபோனான். அவள் படம் முழுவதையும் கறுப்பாக நிரப்பி, சூறாவளியில் விளக்கு அணைந்துவிட்டது என்றாள். அவன் அந்தக் கணமே சூரியனை உதிக்கவைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறான் என்று எழுத்திலேயே தெரிந்தது.

இதற்குள் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. யானைக் கட்சி, மதில் கட்சி. இரண்டு கட்சிக்காரரும் ஏஜின்கோர்ட்டில் ஒரு தேநீர்க்கடையில் எதிர்ப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள் என்றும் ஒரு கதை உலாவியது. றீற்றாவை இந்தக் குழுவில் சேர்த்துவிட்டவள், அதே கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் ரிஸ்மியா. அவள் மின்தூக்கிக்குள் வைத்துக் கேட்டாள், ஒரு யானையை ஒரு மாதிரிக் கீறிவிட்டுப் பிரதி எடுத்தால் என்ன என்று. முதல் யானை இருந்தால்தானே பிரதி எடுக்கலாம் என்றாள் றீற்றா.

அடுத்ததாக றீற்றா போட்ட படம் குழுவையே வாயடைக்க வைத்தது. நாற்பதாயிரம் கதவுகள் கொண்ட யானைக்கொட்டில். மாடி மாடியாக, நடை நடையாக, எல்லாம் பூட்டிய கதவுகள், ஒவ்வொன்றிலும் இலக்கம். ஓரத்தில், வேலைப் பழக்கத்தில், ஓர் அங்குலம் இத்தனை அடி என்று அளவுத்திட்டமும் போட்டிருந்தாள். இருநூற்றெழுபது பேர் அதற்கு இதயம் போட்டார்கள். ராகுலன் எழுதினான்: 'எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன.'

இனி ஒளிக்க இடமில்லை. அப்போதுதான் அவளுக்குள் இருந்த பதினாறு வருட உத்தியோகம் எழுந்து நின்றது. அவள் அதே கொட்டிலை வரைந்தாள். எல்லாக் கதவும் திறந்திருந்தன, எல்லா அறையும் வெறுமையாக இருந்தன. சுவரில் ஒரு வரைபடம், அதில் அம்புக்குறிகள். கீழே எழுதினாள்: 'தீ எச்சரிக்கை மணி அடித்தது. நாற்பதாயிரம் யானைகளும் ஒழுங்காக வரிசையில் நின்று, படிவழியாகத் தப்பி ஊரைவிட்டே போய்விட்டன.' வரைந்தது நடந்தது. யானை இனி இல்லை. மதில் கட்சி பட்டாசு கொளுத்தாத குறை.

றீற்றா அன்று பின்னேரம் முழுவதும் சிரித்துக்கொண்டு திரிந்தாள். அடுத்த நாள் ராகுலனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் நிமிடத்துக்கொரு தடவை கைபேசியை எடுத்துப் பார்த்தாள். வென்றது அவள்தான், ஆனால் யானைக்கதையில் யானையை ஓட்டிவிட்டால் எழுதுகிறவன் எதை எழுதுவான்? அவன் எழுதாவிட்டால் கதை கிணற்றில், அவள் வெளியே, பெயர் எங்கும் இல்லை. தன் கையால் தானே கிணற்றை வெட்டியிருக்கிறாள்.

நாலாம் நாள் பாலேஸ்வரி அன்ரிக்குத் தொலைபேசி எடுத்து, ராகுலனிடம் ஒரு வார்த்தை சொல்லமுடியுமா என்று கேட்டாள்.

"விதி விதிதான் பிள்ளை," என்றார் அன்ரி. "சொல்லுறதைக் கதைக்குள்ளை சொல்லும்."

"எழுதுறது இப்ப அவரின்ரை முறை அன்ரி. நான் எப்பிடிச் சொல்லுறது?"

"ஒருக்கால் சேர்க்கலாமெண்டு ஒரு விதி இருக்கெல்லே. நீர் இன்னும் ஒண்டும் சேர்க்கேல்லை."

சேர்ப்பதென்றால் எதைச் சேர்ப்பது என்று அன்ரி சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. யானைக்கதைக்கு யானைதான் வேண்டும்.

ஐந்தாம் நாள் ரிஸ்மியாவையும் ஏற்றிக்கொண்டு றீற்றா மிருகக்காட்சிச்சாலைக்குக் கார் ஓடினாள். உயிருள்ள யானையை நேரில் நின்று பார்த்து வரைந்தால் கை வரும் என்று ஒரு நம்பிக்கை. வாசலில் நின்ற பெண்ணிடம் யானை எந்தப் பக்கம் என்று கேட்டாள். யானை இல்லை என்றாள் அந்தப் பெண். இருந்த மூன்றையும் எத்தனையோ வருடத்துக்கு முன்னரே லொறியில் ஏற்றிக் கலிபோர்னியாவுக்கு அனுப்பிவிட்டார்களாம். இப்போது வெறும் இடம்தான் இருக்கிறதாம்.

றீற்றா தலையில் கை வைத்துக்கொண்டு அங்கிருந்த மர வாங்கில் இருந்துவிட்டாள். உண்மையிலேயே தப்பிப் போயிருக்கின்றன! ரிஸ்மியா வந்ததற்கு ஒட்டகத்தையாவது பார்ப்போம் என்று இழுத்துக்கொண்டு போனாள். ஒட்டகமும் றீற்றாவைப் பார்த்தது. யார் யாருக்காகப் பரிதாபப்பட்டார்கள் என்று சொல்லமுடியாது.

திரும்பி வரும்போது ரிஸ்மியா காருக்குள் வைத்துச் சொன்னாள்: "ஒரு யானைக்குப் பயந்து நாற்பதாயிரம் கதவு கீறினீங்களே. அந்த மனுசனுக்கும் அப்படி ஏதும் பயம் இருக்கும். ஒங்களுக்குத் தெரிஞ்ச மாதிரியே ஒண்டைக் கீறிப் போடுங்களேன்."

ஏழாம் நாள் காலை அவள் வேலைக்குப் போகாமல் மேசைக்கு முன்னால் இருந்தாள். எட்டுத் தடவை வரைந்து எட்டுத் தடவை அழித்தாள். ஒன்று பன்றி, ஒன்று தேநீர்க் கேத்தல், மற்றவற்றுக்குப் பெயரே இல்லை. அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் தனக்கு வரைய வரும் ஒரே பொருளை வரைந்தாள். கொட்டிலின் கடைசி நடையில், மூலையில், ஒரு சிவப்புப் பொட்டு. அதன் முன்னால் ஒரு வளைந்த கோடு, தும்பிக்கை. பின்னால் ஒரு சின்னக் கோடு, வால். கீழே நாலு குச்சி. பக்கத்தில் வழக்கமாக எழுதும் 'நீங்கள் இங்கே நிற்கிறீர்கள்' என்பதை எழுதப் போன கை, என்ன நினைத்ததோ, 'நான் இங்கே நிற்கிறேன்' என்று எழுதியது. யோசித்தால் போடமாட்டாள் என்று தெரிந்து, யோசிக்காமல் போட்டுவிட்டுக் கைபேசியை அரிசி வாளிக்குள் வைத்து மூடினாள்.

பின்னேரம் ஐந்தேமுக்காலுக்கு அரிசிக்குள் கைபேசி அதிர்ந்தது. ராகுலன் எழுதியிருந்தான்:

'உண்மையில் அரசனிடம் நாற்பதாயிரம் யானைகள் ஒருநாளும் இருந்ததில்லை. அவன் பொய் சொன்னான். இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் யானைதானா என்று ஊரார் கேட்பார்கள் என்று அவனுக்குப் பயம். அதனால் பார்க்க வந்தவர்களுக்கு மதிலைக் காட்டினான். மதில் விழுந்தபோது புழுதியைக் கிளப்பினான். குடை பிடித்தான், விளக்கை அணைத்தான், நாற்பதாயிரம் கதவு செய்து பூட்டினான். கதவு திறந்தபோது எல்லாம் தப்பிவிட்டன என்றான். ஊர் நம்பிவிட்டுத் திரும்பியது. அப்போது கடைசி நடையிலிருந்து ஒரு குரல் கேட்டது: நான் இங்கே நிற்கிறேன். அரசன் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொண்டான். அப்படி ஒரு யானையை ஊர் அதுவரை கண்டதில்லை.'

றீற்றா அரிசி வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து அதை வாசித்தாள். அவள் ஒளித்த ஒவ்வொன்றும் கதையாகிவிட்டிருந்தது. ஒன்றைக்கூட அவன் வீணாக்கவில்லை. இந்த மனிதனையா இத்தனை கிழமையாகத் திட்டினேன் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் துண்டு அதோடு நிற்கவில்லை. ரயில் அன்றும் எங்கேயோ நின்றிருக்கவேண்டும். 'அந்த மகிழ்ச்சியில் அரசன் நாற்பதாயிரம் கொழுக்கட்டை என்று பறையறைவித்தான். பழக்கதோஷம். அவித்த கிடாரத்தைத் திறந்தால் ஒன்றுதான் இருந்தது. ஆனால் அது யானையளவு.'

யானையளவு என்றால் எவ்வளவு என்று குழுவில் இரண்டு நாள் விவாதம் நடந்தது. பாலேஸ்வரி அன்ரி அடிமட்டத்தை எடுத்துப் படத்தை அளந்தார். றீற்றாவின் படத்தில் அளவுத்திட்டம் இருந்தது அல்லவா? அதன்படி கணக்குப் பார்த்தால் அந்தச் சிவப்பு யானையின் நீளம் இரண்டரை அடி. ஆகவே இரண்டரை அடிக் கொழுக்கட்டை, அவித்து, அரைக்கால் துண்டும் மிஞ்சாமல் உண்டால் கதை முடிந்தது என்று தீர்ப்பாயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், றீற்றாவின் கட்டடத்தில் பதினாலாம் மாடி பார்ட்டி றூமில் முப்பது பேர் கூடினார்கள். ரிஸ்மியாவின் கணவர் கல்யாணச் சமையல்காரர். அவருடைய ஆகப் பெரிய கிடாரம் வந்தது. ராகுலன் பையில் அரிசிமாவோடு வந்து இறங்கினான். கட்டையான, கூச்சமான மனிதன். நாற்பதாயிரம் யானையை ஏவியவன் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

"நீங்கள்தானோ மதில்?" என்றான்.

"நீங்கள்தானோ யானை?" என்றாள் றீற்றா. அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து மா குழைத்தார்கள்.

பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளே வைத்து, வெள்ளை வேட்டியால் சுற்றி, நாலு பேர் தூக்கிக் கிடாரத்துக்குள் இறக்கினார்கள். மூடி மூடவில்லை. மூன்று மணித்தியாலம் அவிந்தது. நீராவி கூரையைத் தொட்டு, சுவர் வழியாக இறங்கி, ஆளுக்காள் முகம் தெரியாமல் போனது. அந்த நேரம் பார்த்து, முழுக் கட்டடமும் அதிர, தீ எச்சரிக்கை மணி அடித்தது. மின்தூக்கிகள் நின்றன.

எல்லாரும் கதவுக்கு ஓட, அன்ரி குறுக்கே நின்றார். விருந்தை விட்டுவிட்டுப் போனால் கதை முடியாது, கிணறுதான் என்றார். றீற்றா வேட்டியின் ஒரு தலைப்பைப் பிடித்தாள். மற்றத் தலைப்புகளை ரிஸ்மியாவும், அவள் கணவரும், யானைக் கட்சிக்காரர் ஒருவரும் பிடித்தார்கள். விட்பிக்காரன் ராகுலனுக்கு அந்தக் கட்டடத்தில் திக்குத் திசை தெரியாது. வாசலில் தொங்கிய வரைபடத்தைச் சட்டத்தோடு கழற்றி எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, இடப்பக்கம், நேரே, இரண்டாம் கதவு என்று சொல்லிக்கொண்டு முன்னால் போனான். நீராவிக்குள்ளால் முப்பது பேரும் அவன் குரலைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார்கள்.

ஐந்தாம் மாடியில் தீயணைப்பு வீரர்கள் எதிரே ஏறி வந்தார்கள். வெள்ளைத் துணியால் சுற்றி, ஆவி பறக்கப் பறக்க, நாலு பேர் தூக்கிவரும் உருவத்தைக் கண்டதும் ஒருவர் பாய்ந்து வந்து ஒட்சிசன் முகமூடியை அதன் மேல் வைத்துவிட்டார். மூச்சு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, பயறுதான் இருக்கிறது என்று ராகுலன் உண்மையைச் சொன்னான். அது அவருக்கு விளங்க ஒரு மாடி எடுத்தது.

கார் நிறுத்துமிடத்தில், குடியிருப்பாளர்கள் எல்லாரும் சட்டைக்கு மேல் கோட்டோடு நடுங்கிக்கொண்டு நிற்க, கொழுக்கட்டையை ஒரு காரின் முன்மூடியில் வைத்து வெட்டினார்கள். முப்பது பேருக்கு அது முடியவில்லை. கட்டடத்துக்காரர் அறுபது பேரும், தீயணைப்பு வீரர்கள் ஆறு பேரும் சேர்ந்த பிறகுதான் வேட்டி வெறுமையானது. அன்ரி வேட்டியை உதறிப் பார்த்துவிட்டு, கதை முடிந்தது என்று அறிவித்தார்.

ராகுலன் தனியே ஓரிடத்தில் நின்று கையில் இருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளிடம் வந்தான்.

"உந்தக் கதவுகளை எனக்குத் தெரியும்," என்றான். "உங்கடை கொட்டில் படத்திலை ஒரு கிழமையா உதுகளைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். இது நீங்கள் கீறினதெல்லே?"

பதினாறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. றீற்றா "ஓம்" என்றாள்.

அவன் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, சட்டத்தைக் கழற்றி, கம்பனியின் பெயருக்கு மேலே 'படம்: றீற்றா' என்று எழுதினான். எட்டிப் பார்த்த பாலேஸ்வரி அன்ரி அது செல்லாது என்றார். கதை இல்லாமல் படத்துக்கு மட்டும் பெயர் போட விதியில் இடமில்லை, கதை எங்கே?

ராகுலன் சுற்றிவரப் பார்த்தான். வாயில் சர்க்கரையோடு நிற்கும் சனத்தைப் பார்த்தான். ரயிலும் இல்லை, தாமதமும் இல்லை. ஆகவே அவன் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய கதையை எழுதினான்: 'அந்தக் கட்டடத்தில் ஒருவர் விடாமல் எல்லாரும் தப்பிவிட்டார்கள்.'

அன்ரி அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, சரி, மேலே கொண்டுபோய்ச் சுவரிலை கொளுவுங்கோ என்றார்.